கழிமுனையின் எதிர்க்கம்பம்

ஏழு ஆறுகளும் ஒரே மனிதரின் பெயரைச் சுமந்துகொண்டு கடலுக்குப் போன நாடு ஒன்று இருந்தது. அந்த மனிதரைப் பெருமகனார் என்று அழைத்தார்கள். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்று சட்டம் எதுவும் கிடையாது. சொல்லிப் பார்க்க யாருக்கும் துணிவு வரவில்லை, அவ்வளவுதான்.

நாட்டின் கிழக்கு ஓரத்தில் கழிமுனை என்ற துறைமுக ஊர். ஆறு கடலோடு சேரும் இடம் என்பதால் அங்கே எங்கே தோண்டினாலும் உப்பு நீர்தான் ஊறியது. ஊரார் பல வருடங்களாகக் குடிதண்ணீர்க் குழாய் கேட்டு வந்தார்கள். பெருமகனார் மனமிரங்கி அவர்களுக்கு ஒரு கால்பந்துக் கழகத்தைக் கொடுத்தார்.

அதுவரை தலைநகருக்கு முதல் பிரிவும், பணக்கார ஊர்களுக்கு இரண்டாம் பிரிவும் இருந்தன. ஓரத்து ஊர்களுக்காகப் புதிதாக மூன்றாம் பிரிவு தொடங்கப்பட்டது. தாகம் என்பது உடலின் பலவீனம், விளையாட்டு உடலை வலுவாக்கும், ஆகவே கோரிக்கை நிறைவேறிவிட்டது என்று தொடக்க விழாவில் களத்துறை ஆணையர் சீர்த்திநாதர் விளக்கினார். பேச்சின் நடுவே இருமுறை தண்ணீர் குடித்தார். அந்தத் தண்ணீர் அவருடைய காரிலேயே வந்திருந்தது.

கழகத்தின் கேப்டன் மாசிலாமணி. தடுப்பாட்டக்காரன். வாலிபம் முழுவதும் ஊர் ஊராகப் போய், யார் யாருடைய ஜெர்சியையோ போட்டுக்கொண்டு சம்பளத்துக்கு ஆடியவன். வலது முழங்கால் மழைக்காலத்தில் மடங்க மறுக்கும். வயது முப்பத்தைந்தை நெருங்கும் நேரத்தில் சொந்த ஊருக்கே ஒரு அணி வந்ததை அவனால் நம்ப முடியவில்லை. அவன் மனைவி பொற்கொடி துறைமுகச் சந்தையில் மீன் விற்பவள். கல்யாணமான நாளிலிருந்து அவன் ஆடி அவள் பார்த்ததே கிடையாது. பொற்கொடியின் தம்பி கதிரேசன் அதே அணியின் முன்னணி ஆட்டக்காரன். பந்து காலில் பட்டால் கோல், படாவிட்டால் சண்டை என்று ஊரில் அவனைச் சொல்வார்கள்.

மூன்றாம் பிரிவில் கோப்பையை வெல்ல வேண்டிய அணி எது என்பது முன்பே முடிவாகியிருந்தது. அரண்மனை அணி என்று ஒன்று உண்டு. பெருமகனாரின் மருமகன் அதன் தலைவர். அவரைப் படிப்படியாக உயர்த்துவதற்குத்தான் அந்தப் பிரிவே உண்டாக்கப்பட்டது என்று தலைநகரில் பேசிக்கொண்டார்கள். இந்த விஷயத்தைக் கழிமுனைக்காரர்களிடம் யாரும் சொல்லவில்லை. அவர்கள் பாட்டுக்கு ஜெயித்துக்கொண்டே போனார்கள். அரண்மனை அணியையும் ஜெயித்தார்கள்.

ஜெயித்ததைக்கூட மன்னித்திருப்பார்கள். அன்று கதிரேசன் கோல் போட்டதும் மைதானத்தில் இருந்த மொத்த ஊரும் எழுந்து நின்று, "கோல் வந்தாச்சு, குழாய் எப்போ?" என்று ஒரே குரலில் கேட்டது. யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. தனித்தனியாகக் கேட்டபோது காதில் விழாத கேள்வி, சேர்ந்து கேட்டபோது தலைநகர் வரை போய்விட்டது.

முதல் ஆணை அந்த வாரமே வந்தது. பார்வையாளர்கள் "நன்று, நன்று" என்று மட்டும் சொல்லலாம். அடுத்த ஆட்டத்துக்கு வந்த ஆணையரின் கார் கடற்கரை மணலில் புதைந்து, சக்கரம் சுற்றிச் சுற்றி இன்னும் ஆழமாக இறங்கியபோது, ஊர் மொத்தமும் வேலியோரம் நின்று "நன்று, நன்று" என்றது. சட்டப்படி யாரையும் கைது செய்ய முடியவில்லை.

இரண்டாவது ஆணை காற்றைப் பற்றியது. கடற்காற்று நாட்டின் பொதுச் சொத்து, அதை ஒரு ஊர் மட்டும் அனுபவிப்பது அநீதி. ஆகவே கழிமுனை அணி இரண்டு பாதியிலும் காற்றை எதிர்த்தே ஆட வேண்டும். மாசிலாமணி தன் ஆட்களைக் கூட்டி, இனிமேல் பந்தைத் தரையிலிருந்து எழுப்பவே கூடாது என்று சொல்லிவிட்டான். காலோடு காலாகப் பந்தைக் கடத்திக் கொண்டுபோய்க் கதிரேசனிடம் சேர்த்தார்கள். அவன் அப்போதும் கோல் போட்டான்.

மூன்றாவது ஆணையோடு ஆணையரே நேரில் வந்தார். கூடவே கடப்பாரையோடு ஆட்கள் வந்தார்கள். மைதானத்தின் ஒரு முனையில் இருந்த கோல் கம்பங்களைப் பிடுங்கி லாரியில் ஏற்றினார்கள். மாசிலாமணி ஓடிப்போய்க் காரணம் கேட்டான்.

"இரண்டு பக்கமும் கம்பம் நட்டால் நாட்டில் இரண்டு திசைகள் உண்டாகின்றன," என்றார் சீர்த்திநாதர். "இரண்டு திசைகள் இருந்தால் மக்கள் குழம்புவார்கள். ஒரே களம், ஒரே கோல். பெருமகனாரின் நெடுநாள் கனவு இது."

"கம்பம் ஒண்ணுதான்னா அது எங்களுக்குப் பின்னால ஏன்யா நிக்குது?"

"காக்கத் தெரிந்தவர்களிடம்தானே காவலை ஒப்படைக்க முடியும்? இதை நீங்கள் கௌரவமாக எடுத்துக்கொள்ள வேண்டும்."

அதன் பிறகு கழிமுனையால் எந்த ஆட்டத்தையும் ஜெயிக்க முடியாது. தோற்காமல் இருக்கலாம், அது மட்டும்தான் மிச்சம். மாசிலாமணி கணக்குப் போட்டுப் பார்த்தான். முன்பு ஜெயித்த ஆட்டங்களின் புள்ளிகள் இருந்தன. இனி வரும் ஆட்டங்களில் ஒரு கோல்கூட வாங்காமல் தாக்குப்பிடித்தால் கோப்பை கழிமுனைக்குத்தான். கோப்பையைப் பெருமகனார் தன் கையால் கொடுப்பார். அப்போது வென்ற அணியின் கேப்டன் மேடையில் இரண்டு வார்த்தை பேசலாம் என்பது வழக்கம். அந்த இரண்டு வார்த்தை என்ன என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் கதிரேசன் அன்று சாயங்காலம் பூட்ஸைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அரண்மனை அணியிலிருந்து தன்னிடம் ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்றான். மாசிலாமணிக்குக் கோபம் வந்தது. இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் பேசுகிற பேச்சா இது என்று கேட்டான்.

"நான் கோல் போடுறவன் மச்சான்," என்றான் கதிரேசன். "கம்பமே இல்லாத பக்கம் பாத்து ஓடச் சொன்னா நான் என்ன செய்ய? உங்களுக்குத் தடுக்கத் தெரியும், தடுக்கிறீங்க. எனக்கு வேற எதுவும் தெரியாது."

மாசிலாமணி போகாதே என்று சொல்ல வாயெடுத்து, போய் வா என்று சொல்லிவிட்டான். அக்காவின் முகத்தைப் பார்க்காமலேயே கதிரேசன் பஸ் ஏறினான். அவன் போன பிறகு ஒருவர் பின் ஒருவராக இன்னும் சிலர் போனார்கள். எல்லோரையும் மலைமேல் ஏரிக்கரையில் இருக்கும் ஒரு விருந்தினர் மாளிகையில் தங்கவைத்திருப்பதாகச் செய்தி வந்தது. அங்கே மூன்று வேளையும் விருந்து, வாசலில் காவல், கையில் போன் கிடையாது. மனமாற்றம் அடைந்த ஆட்டக்காரர்கள் தாங்களாகவே ஓய்வெடுக்கிறார்கள் என்று அரசுச் செய்தி சொன்னது.

மாசிலாமணியையும் கூப்பிட்டார்கள். தலைநகரில் பயிற்சியாளர் வேலை, தண்ணீர் வசதியுள்ள வீடு. அந்த வீட்டைப் பற்றி ஆணையர் விவரமாகப் பேசினார். குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர் என்று கையைத் திருகிக் காட்டினார். அது ஊருக்கு வருமா, தன் வீட்டுக்கு மட்டுமா என்று மாசிலாமணி கேட்டான். பேச்சு அதோடு முடிந்தது.

மிச்சமிருந்தவர்களை வைத்துக்கொண்டு அவர்கள் ஒவ்வொரு ஆட்டமாகத் தாக்குப்பிடித்தார்கள். அழகான ஆட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. கோல் வாயில் சுவர் மாதிரி நின்று, விழுந்து, எழுந்து, பந்தை வெளியே உதைத்து, மறுபடியும் நின்றார்கள். மாசிலாமணியின் முழங்கால் வீங்க, பொற்கொடி சந்தையிலிருந்து ஐஸ் கட்டியைக் கொண்டுவந்து துணியில் சுற்றி வைத்துக் கட்டினாள். ஆனால் எந்த எதிரணியாலும் கோல் போட முடியவில்லை.

கடைசி ஆட்டம் கழிமுனையில், அரண்மனை அணியோடு. கழிமுனைக்கு ஒரு சமநிலை போதும். அதற்குள் கழிமுனை அணியில் ஏழு பேர்தான் எஞ்சியிருந்தார்கள். எதிர்ப்பக்கம் அரண்மனையின் தங்க நிற ஜெர்சியில் பழைய கழிமுனைக்காரர்கள் நின்றார்கள். அவர்களில் கதிரேசனும் இருந்தான். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் பாதி முழுக்க அடி வாங்கினார்கள். கோல் விழவில்லை. இரண்டாம் பாதியிலும் முக்கால்வாசி போய்விட்டது. அப்போது மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தான். மைதானத்தின் மறுமுனையில், கம்பங்களைப் பிடுங்கிய குழிகளில், பொற்கொடியும் சந்தைக்காரி இசக்கியம்மாளும் ஆளுக்கொரு படகுத் துடுப்பை நட்டுப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காவலர் ஒருவர் ஓடிவந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். துடுப்பு ஈரமாக இருக்கிறது, காயவைக்கிறோம் என்றாள் பொற்கொடி. துடுப்பைக் காயவைக்கக் கூடாது என்று ஆணை எதுவும் இல்லாததால் காவலர் ஆணையரைப் பார்த்தார். ஆணையர் தன் உதவியாளரைப் பார்த்தார்.

பந்து மாசிலாமணியின் காலடியில் இருந்தது. வெளியே உதைத்துவிட்டு நின்றால் கோப்பை. கோப்பை கிடைத்தால் மேடை, மேடையில் இரண்டு வார்த்தை. அவன் யோசித்துப் பார்த்தான். நெடுங்காலமாகக் கேட்டதைத்தானே அங்கேயும் கேட்கப் போகிறோம்? பெருமகனார் சிரித்துத் தலையாட்டுவார், அடுத்து இன்னொரு கழகம் கொடுப்பார். இத்தனை நாளும் கையேந்தி நிற்பதற்கு ஒரு இடம் தேடித்தான் முழங்காலை உடைத்துக்கொண்டோமா என்று தோன்றியது. துடுப்புகளுக்கு நடுவே கடல் தெரிந்தது.

அவன் ஓடினான். காற்றை எதிர்த்து, பந்தைத் தரையோடு தள்ளிக்கொண்டு ஓடினான். அந்தப் பக்கம் தடுக்க ஆளே இல்லை. இல்லாத கோலைக் காப்பதற்கு எந்த அணி ஆள் நிறுத்தும்? முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் எரிந்தது. துடுப்புகளுக்கு முன்னால் வந்து உதைத்தான். பந்து இரண்டு பெண்களுக்கும் நடுவே புகுந்து மணலில் உருண்டு போயிற்று.

 ஊர் எழுந்தது. யாரும் "நன்று" என்று சொல்லவில்லை.

நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு எதற்கு ஊதுவது என்று தெரியாமல் நின்றார். கடைசியில் பந்து வெளியே போனதாகச் சொல்லி அதை அரண்மனை அணிக்குக் கொடுத்தார். மாசிலாமணியால் திரும்பி ஓட முடியவில்லை. அவர்கள் பந்தை நீளமாக உதைத்தார்கள். அது போய்ச் சேர்ந்த இடத்தில் கதிரேசன் தனியாக நின்றான். எதிரே கோல்கீப்பர் ஒருவன்தான். அந்தத் தூரத்திலிருந்து கதிரேசன் வாழ்க்கையில் தவறவிட்டதே கிடையாது.

கதிரேசன் பந்தைக் காலால் அழுத்தி நிறுத்தினான். தங்க நிற ஜெர்சியைக் கழற்றித் தரையில் போட்டான். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு மைதானத்தின் மறுமுனையை நோக்கிப் பந்தை ஓட்ட ஆரம்பித்தான். அவனுடைய சொந்த அணிக்காரர்களே அவனைத் துரத்தினார்கள். இரண்டு பேரை ஏமாற்றி, ஒருவன் மேல் மோதி விழுந்து எழுந்து, அக்காவின் துடுப்புக்கு அருகே வந்து உள்ளே தட்டிவிட்டான்.

"தப்பா நினைச்சுக்காதீங்க மச்சான்," என்றான் மூச்சு வாங்கியபடி. "கம்பம் கண்ணுல பட்டுருச்சு."

மாசிலாமணியால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. பொற்கொடி துடுப்பை விடாமல் மறுகையால் தம்பியின் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

கழகம் அந்த மைதானத்திலேயே கலைக்கப்பட்டது. அனுமதியற்ற திசையில் முன்னேறியது, இல்லாத கோலில் கோல் போட்டது ஆகிய குற்றங்களுக்காக அதன் புள்ளிகள் அனைத்தும் ரத்து என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கோப்பை அரண்மனைக்குப் போயிற்று. மாசிலாமணிக்கும் கதிரேசனுக்கும் நாட்டில் எங்கும் ஆடத் தடை. கழிமுனைக் கழகம் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கவில்லை.

இந்த விவகாரத்தைத் திறம்படக் கையாண்டதற்காகச் சீர்த்திநாதர் தேர்தல் ஆணையராகப் பதவி உயர்வு பெற்றார். அந்த நாட்டில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி வைப்பது வழக்கம். அத்தனை பெட்டிகள் மக்களைக் குழப்புவதாக அவர் கண்டறிந்தார். பொதுத் தேர்தல் வந்தபோது ஒவ்வொரு சாவடியிலும் ஒரே பெட்டி, அதன் மேல் பெருமகனாரின் படம்.

வாக்குப்பதிவு பல கட்டமாக நடந்தது. கழிமுனைக்கு முதல் கட்டம், தலைநகருக்குக் கடைசிக் கட்டம். சாவடியில் வரிசையின் முதலில் நின்ற பொற்கொடி, பெட்டிக்குப் பக்கத்தில் தன் மீன் கூடையை இறக்கி வைத்தாள். இது எதற்கு என்று அதிகாரி கேட்டார். "கூடைங்கய்யா. வீட்டுக்குப் போறப்ப எடுத்துக்குவேன்," என்றாள். வாக்குச்சீட்டை நாலாக மடித்துக் கூடைக்குள் போட்டுவிட்டு வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் கதிரேசன் போட்டான். மாசிலாமணி நொண்டிக்கொண்டே வந்து போட்டான். பெட்டியைத் தாண்டிக் கை நீட்டித்தான் போட வேண்டியிருந்தது. எல்லோரும் கை நீட்டினார்கள். மதியத்துக்குள் கூடை நிறைந்து இரண்டாவது கூடை வந்தது.

அந்தச் சீட்டுகள் செல்லாது என்று அன்றே அறிவித்துவிட்டார்கள்.

சில நாள் கழித்து, மாசிலாமணி சந்தையில் வலையை உதறிக்கொண்டிருந்தபோது தலைநகர்ப் பதிவெண்ணோடு ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து கூடை கிடைக்குமா என்று விசாரித்தார். எவ்வளவு மீன் வேண்டும் என்று மாசிலாமணி கேட்டான்.

டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மீன் வேணாம்ணே," என்றார். "கூடை மட்டும் போதும். லாரி கொள்ற அளவுக்கு."