ஆள் இருந்தும் அணைகிற டிவி

2012 அக்டோபர் 9, செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று ஐந்துக்கு, ஒலக்கூரில் செபஸ்தியான் வீட்டில் ஐம்பத்தைந்து அங்குல டிவி நான்காவது தடவையாகத் தானாக அணைந்தது. அது அந்த வீட்டுக்கு வந்து ஒரு நாள்கூட ஆகியிருக்கவில்லை.

அடுப்படியிலிருந்து மருமகள் பவுலின் குழம்புக் கரண்டியோடு ஓடி வந்தாள். டிவிக்கு முன்னால் நின்று கரண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். படம் வந்தது. முதல் தடவை அணைந்தபோது என்னவென்று பார்க்கக் கிட்டே போனாள், தானாக வந்துவிட்டது. அப்போதிலிருந்து அதுதான் வைத்தியம். விழுப்புரத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் இருந்த புருஷனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, மறுபடியும் அணைஞ்சிபோச்சி."

"நீ இன்னா பண்ண?"

"கரண்டிய ஆட்டினேன். வந்துச்சி."

"அப்பா?"

"மாமா அப்படியே பாத்துக்கினு இருக்கறாரு. கண்ணக்கூட கொட்டல."

ஸ்டீபன்ராஜுக்கு அந்தக் கடைசி வாக்கியம் போதுமாக இருந்தது. போனை வைத்துவிட்டுக் கோப்பைத் திறந்தான்.

செபஸ்தியான் முப்பத்தொரு வருடம் ரயில்வேயில் கேட் கீப்பர். கேட்டைச் சாத்திவிட்டுப் பச்சைக் கொடியோடு நின்று, போகிற வண்டியில் அச்சு புகைகிறதா, சங்கிலி தொங்குகிறதா என்று கடைசிப் பெட்டிவரை பார்ப்பது அவர் வேலை. ஜூலை மாதம் ஒரு காலையில் கிணற்றடியில் விழுந்தார். ஸ்டீபன்ராஜ் அன்று சீக்கிரமே பஸ் ஏறியிருந்தான். அவரைப் பார்க்க முக்கால் மணி நேரம் யாருமில்லை. அந்த முக்கால் மணி நேரத்தில் வலது கையும் வலது காலும் பேச்சும் போயின.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் இருபது நாள் இருந்து வீட்டுக்கு வந்தபோது, அவரிடம் மிச்சம் இருந்தவை இடது கையும் ஒரு சொல்லும். "சாப்டீங்களாப்பா?" என்றால் "ஆமா." "இன்னும் சாப்டலியா?" என்றாலும் "ஆமா."

டாக்டர் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். "அந்த 'ஆமா' பதில் இல்ல சார். வாயில தங்கிப்போன ஒரு சத்தம். அத வெச்சி எதையும் முடிவு பண்ணாதீங்க." அது ஒன்று. "அவருக்குப் பாக்கறதுக்கு ஏதாவது வேணும். ஆர்வம் விட்டுப்போச்சின்னா உடம்பு பின்னாடியே போயிடும்." அது இரண்டாவது.

ஸ்டீபன்ராஜ் இரண்டாவதை வீட்டுக்குக் கொண்டுவந்தான். முதலாவதை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டான்.

"பெரிய டிவி வாங்கட்டுமாப்பா?"

"ஆமா."

"நாப்பத்திரண்டா, அம்பத்தஞ்சா?"

"ஆமா."

கடைசியாகச் சொன்னது அம்பத்தஞ்சு. ஆகவே திண்டிவனம் கடையிலிருந்து அம்பத்தஞ்சு வந்தது.

எங்கே மாட்டுவது என்று முடிவு செய்தவர் தங்கை பிரின்சியின் புருஷன் அந்தோணி பிரபு. விழுப்புரத்தில் அவர் வீட்டு ஹாலில் ஐந்து ஸ்பீக்கர் இருந்தன. அதனால் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. போனிலேயே அளவு கேட்டார்.

"எட்டடி தள்ளி, நேருக்கு நேர் பாக்கணும் மச்சான். ஜன்னல் பக்கத்துச் சொவுத்துல மாட்டாதீங்க. ஜன்னல் முதுகுக்குப் பின்னாடி போவணும்."

அதுவரை கட்டில் ஜன்னலைப் பார்த்துக் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு புளியமரம், அதைத் தாண்டி ரயில் பாதை. முப்பத்தொரு வருடம் ரயிலைப் பார்த்த மனுஷன், இனியாவது நல்லதாக நாலு பார்க்கட்டும் என்று ஸ்டீபன்ராஜ் நினைத்தான். கட்டிலைத் திருப்பிப் போட்டார்கள். செபஸ்தியான் இடது கையைத் தூக்கித் தலைக்குப் பின்னால் காட்டினார்.

"தலாணி கேக்கறாரு," என்றாள் பவுலின். இன்னொரு தலையணை வைத்தார்கள்.

வியாழக்கிழமை மெக்கானிக் மணிமாறன் வந்தான். டிவியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கீழ்விளிம்பில் குண்டூசித் தலை அளவு இருந்த ஒரு புள்ளியைக் காட்டினான்.

"ரிப்பேர் இல்ல சார். இது சென்சார். முன்னாடி யாராவது அசையறாங்களான்னு பாத்துக்கினே இருக்கும். பத்து நிமிஷம் ஒண்ணும் அசையலன்னா ஆளில்லன்னு அணைஞ்சிடும். கரண்ட் மிச்சம்."

"ஆளு இருக்கறாரே."

மணிமாறன் கட்டிலைப் பார்த்தான். "இருக்கறாரு சார். அதுக்குத் தெரியல."

"அசையாத ஆளு ஒண்ணும் இல்லியே," என்றாள் பவுலின். "இடது கையால சோறு அவரேதான் அள்ளித் துன்றாரு. கொசு கடிச்சா அடிக்கறாரு. டிவியப் போட்டாதான் கைய தொடைக்கு அடியில சொருவிக்கினு கட்டையாட்டம் கெடக்கறாரு."

"அவ்ளோ இன்ட்ரஸ்ட்டா பாக்கறாரும்மா. எங்க மாமனாரு சீரியல் பாத்தா ஈ மொய்க்கறதுகூட தெரியாது."

அந்த விளக்கம் வீட்டில் எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஸ்டீபன்ராஜ் குனிந்து கேட்டான். "நல்லா இருக்குதாப்பா?"

"ஆமா."

மணிமாறன் செட்டிங்கில் போய் சென்சாரை எடுத்துவிட்டான். ஒரு மணி நேரத்தில் கரண்ட் போனது. திரும்ப வந்தபோது டிவியும் வந்தது, சென்சாரும் வந்தது. கடையில் காட்சிக்கு வைத்திருந்தபோது போட்ட மோடிலேயே இருக்கிறது, கரண்ட் போய்வந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், கம்பெனி ஆள் வந்துதான் மாற்ற வேண்டும், எப்போது வருவான் என்று தெரியாது என்று மணிமாறன் போனில் சொன்னான். அந்த மாதம் கரண்ட் ஒரு மணி நேரம் இருந்தால் ஒரு மணி நேரம் இருக்காது.

பவுலின் கரண்டியோடு நடந்துகொண்டிருந்தாள். அவள் இன்னொன்றும் சொன்னாள். "சில சமயம் நான் போறதுக்குள்ளாற தானாவே வந்துடுதுங்க. அணையறதும் தானா, வர்றதும் தானா. இந்தப் பதினோரு மணி வாக்குல பாத்தா தவறாம அணையுது."

"மிஷின் அப்படித்தான்," என்றான் ஸ்டீபன்ராஜ்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவனுக்கு யோசனை தோன்றியது. டேபிள் ஃபேனை ஒரு ஸ்டூலில் வைத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். கிறிஸ்துமஸ் ஸ்டார் பெட்டியிலிருந்து சிவப்பு ரிப்பன் ஒரு கஜம் வெட்டி ஃபேன் கம்பியில் கட்டினான். ஃபேன் சுற்றியது. ரிப்பன் துடித்தது. பத்து நிமிடம் ஆயிற்று, இருபது ஆயிற்று, ஒரு மணி நேரம் ஆயிற்று. டிவி அணையவில்லை. செபஸ்தியானை ஆளாக மதிக்காத டிவி, ரிப்பனை மதித்தது.

ஸ்டீபன்ராஜ் அன்று இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டான்.

வீட்டு வேலைக்கு வருகிற முனியம்மாள் துடைப்பத்தோடு நின்று ரிப்பனையே பார்த்தாள். "இது இன்னாத்துக்கு தம்பி?"

"டிவி அணையாம இருக்கறதுக்கு."

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் குனிந்து பெருக்க ஆரம்பித்தாள்.

அந்த வாரத்தில் செபஸ்தியான் சோற்றைக் குறைத்தார். இடது கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொள்வதையும் விட்டுவிட்டார். கையை ரிப்பன் பக்கம் நீட்டி நீட்டிப் பார்ப்பார். எட்டாது. காற்று அதிகமாக அடிக்கிறது போலும் என்று பவுலின் போர்வை போர்த்தினாள். கரண்ட் போனால் மட்டும் முகம் தெளியும், கண் விரியும், ஒரு வாய் கஞ்சி கூடுதலாக இறங்கும்.

"கரண்ட் போனா மாமாவுக்கு முகம் நல்லா ஆவுதுங்க. கவனிச்சீங்களா?"

"எப்ப திரும்ப வரும்னு காத்துக்கினு இருக்கறாரு. கொழந்த மாதிரி."

"அப்படியா சொல்றீங்க?"

"அப்பா, கரண்ட் போனாலும் டிவி ஓடறாப்போல பண்ணிடட்டுமா?"

"ஆமா."

இன்வெர்ட்டர் வந்தது, இரண்டு பேட்டரியோடு. பிறகு அந்த ஊரே இருட்டில் கிடந்தாலும் செபஸ்தியான் வீட்டில் டிவி ஓடியது. பக்கத்து வீட்டார் செல்போனுக்குச் சார்ஜ் போட வந்தார்கள். வந்தவர்கள் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, "பெத்த புள்ளன்னா இப்பிடி இருக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். செபஸ்தியான் கஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் இருக்கத் தொடங்கினார்.

நவம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை, பிரின்சியும் அந்தோணி பிரபுவும் பார்க்க வந்தார்கள். பிரின்சி அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அந்தோணி பிரபு கட்டிலின் தலைமாட்டில் குந்தி, மாமனார் கண் இருக்கும் உயரத்துக்குத் தன் கண்ணைக் கொண்டுவந்து, ஒரு கண்ணை மூடி டிவியைப் பார்த்தார்.

"மச்சான், இங்க வந்து பாருங்க. படத்துல இருட்டு வந்தா ஜன்னலு அப்படியே ஸ்கிரீன்ல வுழுது. மரம் தெரியுது. கண்ணாடி மாதிரி."

"ஆமா, லேசா தெரியுது."

"லேசாவா? ஒரு நாள் முழுக்க இத எப்படிப் பாப்பாரு? தல வலி வரும். தல வலிச்சா சோறு எங்க எறங்கும்? தியேட்டர்ல ஜன்னலு வெப்பாங்களா மச்சான்?"

ஸ்டீபன்ராஜுக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. ஒரு மாதமாக அப்பா தலைவலியோடு கிடந்திருக்கிறார். மல்லாட்டைக் கடலை காயவைக்கிற கறுப்புத் தார்ப்பாயை எடுத்து வந்தான். மச்சான்கள் இருவருமாக ஜன்னல் மேல் வைத்து நாலு பக்கமும் ஆணி அடித்தார்கள். அறை இருண்டது. படம் பளிச்சென்று நின்றது.

"ஆமா, ஆமா, ஆமா, ஆமா," என்றார் செபஸ்தியான். கண்ணில் தண்ணீர் வழிந்தது. இடது கை தலைக்குப் பின்னால் போய் ஆடிக்கொண்டே இருந்தது.

"பாத்தீங்களா," என்றார் அந்தோணி பிரபு. "இப்பதான் மாமாவுக்குத் திருப்தி."

மூன்றாவது தலையணை வைத்தார்கள்.

அதன் பிறகு பதின்மூன்று நாள் செபஸ்தியான் எதையும் காட்டவில்லை, எதையும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பதினேழாம் தேதி காய்ச்சல். முண்டியம்பாக்கத்தில் சேர்த்தார்கள். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, உடம்பில் எதிர்க்கத் தெம்பில்லை என்றார்கள். பழைய டாக்டரே இருந்தார்.

"ஏன் இப்படி எறங்கிட்டாரு? பாக்கறதுக்கு ஏதாவது குடுத்தீங்களா?"

"அம்பத்தஞ்சு இஞ்ச் டாக்டர். இருவத்திநாலு மணி நேரமும்."

டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பத்தொன்பதாம் தேதி காலை செபஸ்தியான் இறந்தார். வயது அறுபத்தெட்டு. மறுநாள் ஒலக்கூர் கல்லறையில் மனைவிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

புதன்கிழமை பவுலின் துணி துவைக்கப் பின்பக்கம் போயிருந்தாள். முனியம்மாள் அறையைக் கழுவ வந்தாள். சாவு வீட்டில் காற்று வர வேண்டும் என்று சொல்லி, குறட்டால் ஆணியைப் பிடுங்கித் தார்ப்பாயைக் கீழே இழுத்துப் போட்டாள். ஸ்டீபன்ராஜ் ஃபேனை நிறுத்தி, டிவியை அணைத்துவிட்டு, கட்டிலில் சாய்ந்தான். மூன்று தலையணையும் அப்படியே இருந்தன. எதிரே ஐம்பத்தைந்து அங்குலம் கறுப்பாக இருந்தது.

பதினொன்று பத்துக்கு ரயில்வே கேட் மணி அடித்தது. பிறகு தரை லேசாக அதிர்ந்தது.

கறுப்புக் கண்ணாடியில் ஜன்னல் தெரிந்தது. புளியமரம் தெரிந்தது. மரத்துக்குப் பின்னால் பாசஞ்சர் வண்டி வந்தது. ஒரு பெட்டிகூட விடாமல், சக்கரம், சன்னல் கம்பி, வாசலில் நிற்கிற ஆளின் சட்டை வரைக்கும் தெரிய, வலமிருந்து இடமாகச் சுவர் முழுக்க ஓடியது.

ஸ்டீபன்ராஜ் எழுந்து உட்கார்ந்தான்.

"பெரியவரு இருந்திருந்தா இந்நேரம் பொட்டிய எண்ணிக்கினு இருப்பாரு," என்றாள் முனியம்மாள், தரையைத் துடைத்துக்கொண்டே.

"எதுல?"

"இதுலதான். வண்டி வர நேரமாச்சின்னா கைய அடியில வெச்சிக்கினு மூச்சிகூட வுடாம கெடப்பாரு, இது அணையிற வரைக்கும். அப்புறம் ஒவ்வொரு பொட்டியா பாப்பாரு. கடசிப் பொட்டி போனதும் கொடி காட்டறாப்போல இந்தக் கையத் தூக்குவாரு. தூக்கினதும் டிவி வந்துடும். நான் தெனம் பாத்துக்கினுதான பெருக்குவேன்."

ஸ்டீபன்ராஜ் ஸ்டூலில் இருந்த ஃபேனைப் பார்த்தான்.

"ஏன் எங்க கிட்ட சொல்லல?"

முனியம்மாள் துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள்.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் தம்பி. ஜன்னலு நல்லா தெரியணும்னுதான் கட்டில திருப்பிப் போட்டு இம்மாம் பெரிய கண்ணாடி வாங்கினீங்கன்னு நெனச்சேன். வூட்டு விசயம், நாம ஏன் கேக்கறதுன்னு இருந்துட்டேன். அப்பிடி வாங்கிக் குடுத்துட்டு, பெத்தவரு மேல இன்னா கோவம்னுதான் புரியல, ரிப்பனக் கட்டி நிறுத்திட்டீங்களே."