ஹலோ அண்ணன் பதிந்துவைத்த ஒப்பாரி

எழுத்தில் கோணல்மாணல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. ஆனாலும் ஹலோ அண்ணனை மறக்க முடியவில்லை.

மஸ்கெலியாப் பக்கம் அவரைப்போல் சத்தத்தின் மேல் பைத்தியமாக இருந்த மனிதர் பிறந்ததில்லை, இனிப் பிறக்கப்போவதுமில்லை. இடி இடித்தால் நாங்கள் காதைப் பொத்துவோம். அவர் வாசலுக்கு ஓடிப்போய், "பேஸு நல்லா இருக்கு, ட்ரெபிள்தான் பத்தல" என்பார்.

தேயிலைத் தோட்டத்துக் கோயிலுக்கு மைக்செட் போடுவது அவர் வேலை. எதைப் பேசுமுன்னும் "ஹலோ, ஹலோ" என்று சொல்லிப் பார்த்துக்கொள்வார். கடையில் பாண் ரொட்டி வாங்கவும் ஹலோ, டாக்டரிடம் நெஞ்சுவலியைச் சொல்லவும் ஹலோ. பெண்டாட்டி, பிள்ளை கிடையாது. லயத்து வரிசை வீட்டில், என் பக்கத்துக் காம்பிரா அறையில் தனியாக இருந்தார். என் பிள்ளைகளும் கொழும்புக்கே போய்விட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் ரேடியோவோடு போடும் சண்டைதான் எனக்குத் துணை.

ஒருமுறை ஹட்டன் டவுனுக்குப் போய், லேப்டாப்பில் செருகுகிற ஒலிப்பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். அதில் இரண்டு மைக் மாட்டலாம். எதைத் திறப்பது, எதை மூடுவது எல்லாம் லேப்டாப் திரையில். கண்ட்ரோல் பேனல் என்று பெயர். அதைத் திறக்குமுன் கைகால் கழுவிக்கொள்வார்.

"தங்கச்சி, எனக்கொரு ஒப்பாரி பாடிக் குடு."

"ஐயையோ! யாரும் சாகாம ஒப்பாரி பாடலாமாண்ணே? வீடு வெளங்குமா?"

"நான் செத்தா அழ யாரு இருக்கா? இப்பவே புடிச்சு வச்சிக்கிட்டா அன்னைக்குப் போட்டு விட்டுரலாம்ல?"

"ஏன், நான் அழ மாட்டேனா?"

"நீயா? நாலு பேரு நின்னா நீ வாயத் தொறப்பியா?"

அவர் சொன்னது நிஜம்தான். பாடித் தர ஒத்துக்கொண்டேன்.

வீட்டில் பாடக்கூடாது, கோயிலில் நினைக்கவே கூடாது. கொழுந்தெடுக்கும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பிரா ஒன்று பாழாய்க் கிடந்தது. அங்கே போனோம். எனக்கு ஒரு மைக். அவருக்கும் ஒன்று, ஹலோ சொல்லாமல் அவருக்கு வேலை ஓடாதே! எனக்கு ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டு, தன் தலையிலும் ஒன்றை மாட்டியதும், தாடை கட்டிய பிணம் மாதிரியே இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காத தங்கச்சி, நான் செத்துக் கெடக்கேன்."

"செத்தவரு பேசக்கூடாதுண்ணே!"

ஹலோ சொல்லி முடித்து, தன் மைக்கை மூடுவதாகத் திரையில் எதையோ அமுக்கினார். என் ஹெட்போனில் என் குரல் தெளிவாகக் கேட்டது. 'ஊருக்கெல்லாம் பாட்டு வச்ச ராசாவே, ஒங்களுக்குப் பாட யாருமில்லையே' என்று இழுத்தேன். முடித்துப் பார்த்தால், பிணம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது.

"போட்டுப் பாருங்கண்ணே."

"சீ! தன் ஒப்பாரிய உசுரோட கேட்டா ஆகுமா?"

போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். அவர் சொல்லிவைத்தபடியே கோயில் தலைவர் பந்தலில் லேப்டாப்பை வைத்து, அந்தப் பதிவைப் போட்டார். பிணம் கிடக்க, ஸ்பீக்கரில் "ஹலோ, ஹலோ" என்றது. முன்னால் இருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். பிறகு மூக்குறிஞ்சும் சத்தம். பிறகு, "ஐயோ, நான் எம்புட்டு நல்ல மனுசன்!" என்று ஓர் அழுகை. என் பாட்டோ எங்கேயோ தூரத்துக் கொசு.

தன்னுடையதற்குப் பதிலாக என் மைக்கை மூடியிருக்கிறார். பெட்டி நேராகக் காதுக்குக் கொடுத்த சத்தம் வேறு, லேப்டாப்புக்குள் போன சத்தம் வேறாம். தலைவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அவர் அழுததும் அன்று என் பாட்டுச் சத்தத்தில் என் காதில் விழவில்லை.

"தனக்குத்தானே அழுவுறாருடி!" என்றாள் ஒருத்தி. இழவு வீடே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பயந்தது போலவே, அழ ஆளில்லாமல் போகப் போகிறாரே! எழுந்தேன். தலைமாட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "ஹலோ, ஹலோ" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பாடினேன்.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவர் மூடியது இடது பக்க மைக்கா, வலது பக்கமா என்று எனக்கு ஞாபகமில்லை. லேப்டாப் கோயிலில்தான் இருக்கிறது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்து, நான் எழுதியதில் அதைச் சரியாகச் சேர்த்துவிடுங்கள். அப்படியே, அந்த ஹலோ அழியாமல் உள்ளே இருக்கிறதா என்றும் பார்த்து எனக்குச் சொல்லுங்கள்.