அந்தோனியாரும் ஸ்ரனிஸ்லசின் மருவும்

மூக்கில் பிளாஸ்ரரோடு ஸ்ரனிஸ்லஸ் தன் வீட்டு வேலிக்கு வெளியே கால்மணி நேரமாக நின்றான். முப்பத்தொன்பது வருடம் மூக்கு நுனியில் குடியிருந்த இலந்தைப்பழ அளவான மருவை வவுனியாவில் வெட்டுவித்து, ஒரு கிழமை அங்கேயே தங்கிவிட்டு வந்தவனுக்கு உள்ளே போகத் துணிவில்லை.

அது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. சண்டை ஓய்ந்திருந்த மாதங்களில் கொழும்பிலிருந்து வவுனியாவுக்கு ஒரு டொக்டர் வந்திருந்தார். கலியாணப் படத்தில்கூட ஸ்ரனிஸ்லஸ் பக்கவாட்டில்தான் நிற்பான். மகன் கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைப் படத்திலாவது நேரே பார்க்க ஆசைப்பட்டான். பாவம், அதில் என்ன குற்றம்? ஆனால் பிள்ளைகள் பிறந்த நாள் முதல் கண்டது, மருவும் அதில் முளைத்த இரண்டு முரட்டு மயிருமாய் இருந்த அப்பாவை. இந்தப் புது மூக்கை ஏற்பார்களா என்பதுதான் அவன் பயம்.

மனைவி எமில்டா படலையடிக்கு வந்தாள். "பிள்ளையளிட்டை உள்ளதைச் சொல்லுங்கோவன்."

"நாப்பது வயசிலை வடிவுக்கு வெட்டினனான் எண்டு சொல்லேலுமே?"

வரும் வழியில் கடலில் முகம் கழுவும்போது மரு கழன்று விழுந்து தொலைந்துவிட்டதாகச் சொன்னான். எட்டு வயது மெல்ரொனும் ஐந்து வயது யதுசாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வேறு கேள்வி இல்லை. இவ்வளவு லேசா என்று ஸ்ரனிஸ்லஸ் தேத்தண்ணி குடித்தான். குடித்து முடிப்பதற்குள் இரண்டும் மூடி போட்ட பால்மாத் தகரப்பேணி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடிவிட்டன. பின்னேரம் பார்த்தால் முல்லைத்தீவுக் கரையின் பிள்ளைகள் முழுவதும் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களை நிறுத்துவதற்காக, கடலில் இல்லை, எங்கே தொலைந்ததென்றே தெரியாது என்று மாற்றிச் சொன்னான். இடம் தெரியாமல் தொலைந்தால் அந்தோனியாரிடம் கேட்க வேண்டும் என்பது அந்தக் கரையில் கைக்குழந்தைக்கும் தெரியும். அடுத்த நாள் அந்தோனியாருக்குரிய செவ்வாய்க்கிழமை வேறு. பிள்ளைகள் சொன்னதைக் கேட்ட அந்தோனியார் கோயில் சுவாமியார், என்ன பொருள் என்று விசாரிக்காமலே, ஸ்ரனிஸ்லசின் தொலைந்த பொருளுக்காகப் பூசையில் மன்றாடச் சொன்னார்.

மத்தியானத்துக்குள் வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி யாகப்பு வழிதவறிய ஆடொன்றைக் கொண்டுவந்து கட்டினார். மார்கிறட் அக்கா ஒற்றைச் செருப்போடு வந்தா. எதுவும் தன்னுடையதில்லை என்று சொல்லச் சொல்ல, சனம் இன்னும் மும்முரமாகத் தேடியது. ஆடு எமில்டாவின் கீரைப் பாத்தியைத் தின்று முடித்தது.

"அதை அந்தோனியாரே எடுத்திட்டார், இனித் தேடாதேங்கோ" என்று பிள்ளைகளிடம் கதையை முடித்தான். இதைவிடத் திறமான பொய் இல்லை என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டான்.

ஒரு மணித்தியாலத்தில் சுவாமியார் ஆள் அனுப்பினார். கோயிலுக்குள் மெல்ரொன் கதிரையில் ஏறி நின்று அந்தோனியார் சுரூபத்தின் மூக்கைத் தடவிச் சோதித்துக்கொண்டிருந்தான். கீழே யதுசா பேணியைத் திறந்து பிடித்தபடி நின்றாள். சுவாமியார் கையைக் கட்டிக்கொண்டு ஸ்ரனிஸ்லசைப் பார்த்தார்.

இனி ஒளிக்க இடமில்லை. ஸ்ரனிஸ்லஸ் நிலத்தில் உட்கார்ந்து பிளாஸ்ரரை உரித்தான்.

"துலையேல்லை. நான்தான் வெட்டுவிச்சனான். உங்களோடை படத்திலை வடிவா நிக்க ஆசைப்பட்டிட்டன். உங்களுக்குப் பழைய அப்பாதான் வேணுமெண்டால், அதைத் திருப்பி ஒட்டேலாது, ராசா."

மெல்ரொன் கதிரையிலிருந்து குதித்தான். யதுசா பேணியை வைத்துவிட்டு வந்து அப்பாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். அந்த மூக்கில் தன் கன்னத்தை ஒருமுறை, பிறகு மற்றக் கன்னத்தையும் உரசிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"நாங்கள் முதல் கண்டால் பேணியிலை போட்டு மூடி ஆழக்கடலிலை தாழ்த்திடலாமெண்டுதானே தேடினனாங்கள், அது திரும்பி வந்தால் நீங்கள் கொஞ்சேக்கை கன்னத்திலை பிறகும் குத்துமெல்லே அப்பா."