ஊசி போடாத செவ்வாய்க்கிழமைகள்

திருவனந்தபுரத்தில் என் ரத்தத்தைக் குடித்தவர்கள் அநேகம் பேர். ஆபீஸ் மேனேஜர், வீட்டுக்காரர், காஸ் ஏஜென்சிக்காரர் என்று பட்டியல் நீளும். ஆனால் முதல் நாளே போன் செய்து, அனுமதி வாங்கி, கையைத் தடவிக் கொடுத்து, எடுத்த ரத்தத்தில் என் பெயரையும் எழுதி ஒட்டிக்கொண்டு போன ஒரே மனிதர் குப்பியண்ணன்தான்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் வலியசாலையில் யாருக்கும் தெரியாது. ஒரு லேப்பிலிருந்து வீடு வீடாக வந்து ரத்தமும் சிறுநீரும் வாங்கிப் போகிற வேலை. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, மூடி போட்ட நாலு பிளாஸ்டிக் குப்பி இருக்கும். ஸ்கூட்டரின் பின்னால் நீல நிற ஐஸ் பெட்டி. மீன்காரர் என்று நினைத்துத் தெருப் பூனைகள் எல்லாம் அவர் பின்னால் ஓடும். ஐம்பது வயசு, ஒல்லி உடம்பு, வீடு நெய்யாற்றின்கரைப் பக்கம். அவர் பேசுவது மலையாளம். தமிழர் வீடுகளில் மட்டும் அதையே கொஞ்சம் வளைத்துப் பேசி, அது தமிழ்தான் என்று மனதார நம்பிக்கொண்டிருந்தார்.

தெருவின் முதல் வீட்டு மாமிதான் அவரிடம் முதலில் அகப்பட்டவள். காலை ஆறரை மணிக்கு ஸ்கூட்டரில் இருந்தபடியே, "மாமீ! மூத்ரம் எடுத்து வச்சோ?" என்று கூவுவார். மலையாளத்தில் அது ஆஸ்பத்திரி வார்த்தை. நம் காதுக்கு அப்படியா?

"ஏன்யா, அந்த வார்த்தையை வாசல்ல நின்னு சொல்லாம இருக்கப்படாதோ? தெரு முழுக்கக் கேக்கறதே!"

"பின்னே எந்து பறையணும் மாமீ?"

"ஏதாவது நல்ல வார்த்தையாச் சொல்லேன்."

குப்பியண்ணன் ராத்திரி முழுக்க யோசித்திருக்க வேண்டும். மறுநாள் கோயில் மணி அடித்து ஓய்ந்த நேரத்தில், தெருவே அதிர, "மாமீ! தீர்த்தம் ரெடியா?" என்றார். கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்த குருக்கள் அப்படியே நின்றுவிட்டார். குப்பியோடு மாமி வெளியே வர, எதிரே போன ஒரு பெண் பக்தியோடு உள்ளங்கையைக் குழித்து நீட்டியே விட்டாள். அன்று மாலையே மாமி அவருக்குப் போன் போட்டு, பழைய வார்த்தையே போதும் என்று கெஞ்சினாள்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கும் அவர் தேவைப்பட்டார். அம்மா போன பிறகு அப்பாவை என்னோடு கூட்டிவந்திருந்தேன்.

அப்பா திருநெல்வேலியில் அரசு பஸ் கண்டக்டர். முப்பது வருஷம் "உள்ள போ, உள்ள போ" என்று கத்திய தொண்டை. அம்மாவைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த அன்று அது மூடிக்கொண்டது. மூன்று மாதமாக "உம்", "ம்ஹூம்" தவிர வேறில்லை. சாப்பாடு பாதியாகி, கால்வாசியாகி, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. நான் தனிக்கட்டை. ஆபீசில் என் வாய்க்குப் பயந்து பியூன்கூட எதிரே வரமாட்டான். ஆனால் வீட்டில், "சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா" என்பதைத் தாண்டி அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. இப்படியே விட்டால் இவரும் போய்விடுவார் என்று தெரிந்தது. தெரிந்தும் கேட்கவில்லை.

டாக்டர் சர்க்கரைக்கும் கிட்னிக்கும் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். முதல் நாள் மாலை குப்பியண்ணன் போன் செய்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். எடுத்தது அப்பா.

"அண்ணாச்சி, ராத்திரி பத்து மணிக்கு மேல ஒண்ணும் கழிக்கக் கூடாது, கேட்டோ? நாளைக்கு ஞான் வந்தப்புறம் கழிச்சா மதி."

மலையாளத்தில் கழிப்பது என்றால் சாப்பிடுவது. திருநெல்வேலியில் அது எந்தத் திசை என்று உங்களுக்கே தெரியும்.

மறுநாள் காலை ஏழரைக்கு நான் அறைக்குள் வந்து பார்த்தால், அப்பா நாற்காலியில் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நெற்றியெல்லாம் வேர்வை. பயந்துபோய், "என்னப்பா செய்யுது?" என்றால் கையை வீசி என்னைத் தள்ளுகிறார். குப்பியண்ணன் வந்தார். "அண்ணாச்சி ஒண்ணும் கழிச்சில்லல்லோ?" அப்பா இல்லை இல்லை என்று ஆவேசமாகத் தலையாட்டினார். அவர் குப்பியை நீட்டியதுதான் தாமதம், பிடுங்கிக்கொண்டு ஓடினார். இரண்டு நிமிடத்தில் கதவிடுக்கு வழியாக ஒரு கை நீண்டது. இன்னொரு குப்பி வேண்டுமாம். குப்பியண்ணன் தம் சட்டைப் பையையே காலி செய்தார். அப்புறம்தான் மேசையில் இருந்த தட்டைப் பார்த்தேன். எனக்காக எடுத்து வைத்த நாலு இட்லியில் ஒன்றைக் காணோம். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய ரத்தம்!

"சாரமில்லா. நாளைக்கு வராம்," என்று, பரவாயில்லை என்பதுபோல் கையசைத்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அப்பாவின் முழங்கைக்கு மேல் ரப்பர் ட்யூபைக் கட்டி, நரம்பைத் தேடினார். நல்ல நரம்பு கிடைத்தால் "எம்.ஜி. ரோடு!" என்பார். அப்பாவின் கையைத் தட்டிப் பார்த்து, "இங்கே ரோடு முழுக்கத் தோண்டிப் போட்டிருக்கே அண்ணாச்சி" என்று நொந்துகொண்டே ஒருவழியாக ஊசியை இறக்கினார். எல்லாரிடமும் கேட்பதுபோல, "வேதனை உண்டோ?" என்றார்.

வலிக்கிறதா என்று கேட்டார், அவ்வளவுதான். அப்பாவுக்கு மலையாளம் தெரியாது. அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இருக்குய்யா," என்றார்.

நான் அடுக்களையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் கழித்து அந்தக் குரலைக் கேட்டதில் காப்பியை டம்ளருக்கு வெளியே ஊற்றிவிட்டேன்.

"எம் பொஞ்சாதிக்கு டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்தாரு. ரத்தத்துக்கும் ஒண்ணுக்குக்கும். பதினோரு நாளு சட்டப் பையில வச்சுக்கிட்டே அலைஞ்சேன்யா. அண்ணன் மவன் கல்யாணம் முடியட்டும்னேன். அவளும் சரின்னா. கல்யாணத்துல பாயசம் வேற வெளம்புனா. பன்னெண்டாம் நாளு மூச்சு முட்டுது. ஆஸ்பத்திரில கிட்னி போச்சுன்னுட்டான். பத்து நாளைக்கு முந்தி வந்திருக்கக் கூடாதான்னு கேட்டான்யா."

குப்பியண்ணனுக்கு எவ்வளவு புரிந்ததோ. ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து, அந்தக் கையைப் பிடித்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வரவில்லை. வந்தால் என் சங்கதியும் வெளியே வந்துவிடும். அந்தப் பதினோரு நாளில் ஒருநாள் அம்மா எனக்கும் போன் செய்திருந்தாள். "காலு வீங்கிருக்குட்டி. ஒண்ணுக்குப் போனா நொரையா வருது." ஆபீசில் ஆடிட் நேரம். "உப்பைக் குறைம்மா, லீவுல வரும்போது பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்பாவாவது சீட்டைப் பையில் வைத்திருந்தார். நான் அதையும் செய்யவில்லை.

அடுத்த செவ்வாயும் குப்பியண்ணன் வந்தார். சாம்பிள் கட்டிதட்டிவிட்டதாம். அதற்கடுத்த செவ்வாய், குப்பியின் மூடி சரியில்லையாம். நாலாவது செவ்வாய் எனக்குச் சந்தேகம் வந்து லேப்புக்குப் போன் போட்டேன். "மேடம், அச்சனோட ரிப்போர்ட் முதல் வாரமே கொடுத்து விட்டாச்சே, எல்லாம் நார்மல்" என்றது ஒரு பெண் குரல்.

அடுத்த செவ்வாய் ஆபீஸ் போவதுபோல் இறங்கி, திரும்பி வந்து கதவிடுக்கில் பார்த்தேன். குப்பியண்ணன் ட்யூபைப் பேருக்குக் கட்டினார். "வேதனை உண்டோ அண்ணாச்சி?" அப்பா பேசினார். அம்மா ரசத்தில் பெருங்காயம் ஜாஸ்தி போடுவாள் என்பதிலிருந்து, கடைசி நாள் ஆஸ்பத்திரியில் "வீட்டுக்குப் போவோம்" என்று கையைப் பிடித்து இழுத்ததுவரை. கால் மணி நேரம். அப்புறம் குப்பியண்ணன் ட்யூபை அவிழ்த்தார். ஊசி குத்தாத இடத்தில் பஞ்சை வைத்து, அழகாக ப்ளாஸ்டர் ஒட்டினார். அப்பாவும் சமர்த்தாகக் கையை மடக்கிக்கொண்டார்.

வாசலில் மறித்தேன். "அண்ணா, நீங்க ரத்தமே எடுக்கலை!"

"பதுக்கப் பேசு மோளே. அண்ணாச்சி கேக்கும்."

"எதுக்கு இந்த நாடகம்?"

"ட்யூப் கட்டினா அண்ணாச்சி பேசும். கட்டல்லன்னா பேசாது. ஞான் எந்து செய்யான்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாலு மாதம் சோறு போட்டவள் நான். பேச்சு மட்டும் இவருக்கா? "உங்களுக்கு என்ன கேக்கறோம்னே தெரியாது. தமிழ்ல வேதனைன்னா ஊசி வலி இல்லை. மனசுல கிடக்கறது!"

அவர் முகம் விழுந்துவிட்டது. "அய்யோ! அப்போ இத்தன நாளும் தமிழ்நாட்டுக்காரங்ககிட்ட எல்லாம் ஞான் அதா கேட்டது? அதான் அந்தக் கட்டடப் பணிக்காரன், ஊசி குத்தினதும் பொண்டாட்டி விட்டுட்டுப் போன கதை சொன்னான். எனக்கு அவன் மேல சம்சயமாப் போச்சு!"

சிரித்துவிட்டேன். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகத் தவித்தார். அர்த்தம் தெரிந்த பிறகும் அவர் கேள்வியை மாற்றவில்லை.

ஒரு செவ்வாய், இனி வீடுகளுக்கு வர முடியாது என்றார். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் ஆபீஸ்களுக்கு நடுவே லேப்பின் புதுக் கிளை. அங்கே கவுண்டரில் போட்டுவிட்டார்களாம். அன்றும் ட்யூபைக் கட்டினார். கட்டிய கையோடு, "வண்டி வழியில நிக்குது, மாத்தி வச்சுட்டு வராம். மோளே, நீ கொஞ்சம் பிடிச்சோ" என்று என் கையில் முனையைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். போனவர் போனவர்தான்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் ட்யூபைப் பார்த்தேன். எலும்பாகிப்போன கை. ஆபீசையே அலறவைக்கிற வாயை ஒருவழியாகத் திறந்தேன்.

"அப்பா, அம்மா எனக்கும் போன் பண்ணினாப்பா. நொரையா வருதுன்னு சொன்னா. நான்தான்…"

"தெரியும்ட்டி."

"தெரியுமா?"

"அவ சொன்னா. பக்கத்துலதான இருந்தேன்."

சாவு வீட்டில் அத்தைமார் எல்லாம் சுற்றி நின்று, "பொண்டாட்டியைக் கொன்னுட்டியே" என்று அப்பாவை ஏசியது எனக்கு ஞாபகம் வந்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். மகளுக்கும் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பேர் என் பக்கம் திரும்பியிருப்பார்கள். வாயைத் திறந்தால் எங்கே அது வந்துவிடுமோ என்றுதான் மூன்று மாதமும் மூடி வைத்திருந்தாரோ என்னவோ. நான் கேட்கவில்லை. அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு, ஐம்பதை எட்டப்போகிற கழுதை, ஊருக்கே கேட்கும்படி அழுதேன். "போட்டும்ட்டி, போட்டும்" என்று முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

கீழே வந்து பார்த்தபோது ஸ்கூட்டர் இருந்த இடத்திலேயே இருந்தது. குப்பியண்ணன் ஹெல்மெட்டோடு வெயிலில் நின்று பூனைகளை விரட்டுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அப்பா இரண்டு வருஷம் இருந்தார். நான் காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குப் பேசித் தீர்த்துவிட்டுத்தான் போனார். இப்போது எங்கள் தெருவைச் சுற்றி நாலு லேப் இருக்கிறது. நான் எதிலும் ஏறுவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எந்த டாக்டரும் எழுதித் தராத டெஸ்டுக்கு, வெறும் வயிற்றோடு பஸ்ஸில் ஒரு மணி நேரம் நெரிசலில் நின்று கழக்கூட்டம் போய், அவர் முன்னால் கையை நீட்டுகிறேன். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. இருந்திருந்தால் இப்படித்தான், காரணம் எதுவும் இல்லாமல், போய்ப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருப்பேன்.