முதுகும் சாத்துக்குடியும்

எந்தப் பூட்டையும் இரண்டே நிமிஷத்தில் திறந்துவிடுவார் பூட்டுக்காரர். பெண்டாட்டி மனசுக்குத்தான் இருபது வருஷமாகச் சாவி சிக்கவில்லை.

தண்ணீர் லாரி இனி வாரம் ஒருமுறைதான் என்றானதும் அவர் வீட்டில் சட்டம் போட்டார். குடிக்க, சமைக்க எடுத்தது போக, குளிக்க ஆளுக்குத் தினம் ஒரு வாளி. கொல்லையில் நிற்கும் சாத்துக்குடிக்கு ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. அது மனைவி வைத்து வளர்த்த மரம். ஏற்கெனவே இலை சுருண்டு நின்றது. சண்டைக்கு வருவாள் என்று தயாராக இருந்தார். அவளோ, "நீங்க சொன்னா சரிதாங்க" என்று போய்விட்டாள். கல்யாணமான பிறகு அவருக்குக் கிடைத்த முதல் வெற்றி. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

மறுநாள் இன்னோர் அதிசயம். நாளெல்லாம் குனிந்தே வேலை பார்க்கிறீர்கள், காற்றாட வெளியே உட்காருங்கள், முதுகு தேய்த்துவிடுகிறேன் என்றாள். மரத்து நிழலோரமாகப் பலகை போட்டாள். காலுக்கு மெத்தென்று இருக்கட்டுமென்று சருகை நாலு விரல் கனத்துக்குப் பரப்பினாள். சோப்பு உங்கள் தோலுக்கு ஆகாது என்று வெறும் நாரால் தேய்த்தாள். வெயில் படக்கூடாதென்று பலகையைத் தினம் ஒரு பக்கம் நகர்த்தினாள். மனுஷர் உருகிப்போனார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், அதட்டி வைத்தால் அன்பு தானாக வரும் என்று உபதேசம் செய்தார்.

ஒரு மாசம் போயிற்று. ஊரே காயும்போது உங்கள் மரம் மட்டும் எப்படித் துளிர்க்கிறது என்று பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வேலியோரம் வந்து கேட்டாள். உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் காதைத் தீட்டினார்.

"தினம் ஒரு வாளிதாங்க்கா. அடிமரத்துல ஊத்தாம, நிழல் முடியுற எடத்துல சுத்திச் சுத்தி விடணும். மேல சருகு போட்டா ஈரம் காயாது."

"சரி, முதுகு தேய்க்கிறது எதுக்கு?"

"அது இல்லேன்னா அவர் வெளிய வந்து குளிப்பாரா?"

பூட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இரண்டு நாள் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் குளித்தார். மூன்றாம் நாள் மரத்தின் இளந்தளிர் தலை தொங்கியது. அவருக்கும் முதுகு எட்டவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு தானாகவே போய்ப் பலகையில் உட்கார்ந்தார்.

அவள் நாரை எடுத்துத் தேய்த்தாள். வாளி காலியானது. கை மட்டும் முதுகில் மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது. அவருக்குக் கண் கலங்கியது.

"தண்ணிதான் தீந்துபோச்சே. இன்னும் எதுக்குத் தேய்க்கிற?"

"ஆடாம இருங்க. முதுகுல இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு."