கியர் சார் வழங்கிய சான்றிதழ்

மண்ணுலகில் இதுவரை படைக்கப்பட்ட செவிகளுள் தலைசிறந்தது எது என்னும் வினாவுக்கு இனி ஆராய்ச்சி தேவையில்லை. அது ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் தலைமை எழுத்தருக்கு இடப்பக்கம் அமைந்திருந்தது. வலப்பக்கச் செவியும் குறைந்ததன்று. எனினும் அதை அவர் தொலைபேசிக்கு ஒதுக்கியிருந்தார்.

அலுவலகத்தார் அவரைக் ‘கியர் சார்’ என்றனர். மூன்று தெரு தள்ளிப் போகும் காரின் ஓசையைக் கேட்டே அதன் மாடல், வயது, எந்த கியரில் போகிறது, ஏன் அந்த கியரில் போகக் கூடாது ஆகிய யாவற்றையும் சொல்லிவிடுவார். சொன்னது சரிதானா என்று மூன்று தெரு ஓடிப் பார்த்தவர் எவரும் இலர். ஆகவே அவர் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

வாகனங்களைப் பற்றி அவருக்கு இருந்தவை கருத்துகள் அல்ல, தீர்ப்புகள். மின்சாரக் கார், ‘சக்கரம் வைத்த இஸ்திரிப் பெட்டி’. பேருந்து, ‘நகரும் காத்திருப்பு அறை’. அதில்தான் அவர் நாள்தோறும் அலுவலகம் சென்றார். தம் காரை அலுவலகம் போன்ற ஓரிடத்துக்கு அழைத்துச் செல்வது காருக்கு இழுக்கு என்பது அவர் கொள்கை. அது உறை போர்த்திக்கொண்டு வாசலில் நின்றது. ஞாயிறுதோறும் உறையை நீக்கி, எஞ்சினை உயிர்ப்பித்து, பதினோரு நிமிடம் கண்மூடிக் கேட்டு, அணைத்துவிட்டு, மீண்டும் போர்த்துவார். அந்நேரம் அவர் மனைவி காய்கறிப் பைகள் இரண்டோடு ‘காத்திருப்பு அறை’யிலிருந்து இறங்கி நடந்து வருவார்.

பிற்பகலில் தொலைக்காட்சியில் கார்ப் பந்தயம். அந்த இரண்டு மணி நேரமும் வீட்டில் எஞ்சின் அல்லாத ஒலிகளுக்கு அனுமதி இல்லை. குழாய், மிக்ஸி, விக்கல் ஆகியவை தடைப் பட்டியலில் முதன்மையானவை.

“என்ன அது சனியன்? நிறுத்து! வண்டிச் சத்தம் கேக்கல!”

“அரைக்காம எப்படிங்க சமைக்கிறது?”

“கடைசி லேப் முடியட்டும்!”

மனைவி நிறுத்துவார். பந்தயம் முடிந்ததும், சாப்பாடு ஏன் தாமதம் என்று கியர் சார் நியாயமாக விசாரிப்பார். இந்த ஏற்பாடு இருபத்து மூன்று ஆண்டுகளாகச் செம்மையாக நடந்துவந்தது.

திரையுலகுக்கும் அவர் தொண்டாற்றினார். துரத்தல் காட்சியில் கதாநாயகன் இறந்துபோனது அவருக்குப் பொருட்டன்று. இறக்கும்போது வண்டி மூன்றாம் கியரில் இருக்க, ஓசை நான்காம் கியரில் வந்ததே என்று கண் கலங்குவார். கலங்கிய கையோடு கடிதம் எழுதுவார். இவ்வாறு ஒரே ஒலிப்பதிவுக் கூடத்துக்கு நாற்பத்தொரு கடிதங்கள் போயிருந்தன. அதே கூடத்தில்தான் அவருடைய மகள் ஆறு மாதத் தற்காலிகப் பணியில் இருந்தாள். திரைக்கு வேண்டிய ஓசைகளைச் செய்து தருவது அவள் தொழில். உலர்ந்த பட்டாணியைக் கொட்டி மழை பெய்விப்பாள். பழைய தோல் பையை முறுக்கி எலும்பை முறிப்பாள்.

கூடத்தின் முதலாளி ஒருநாள் அவளை அழைத்தார்.

“இந்த லெட்டரெல்லாம் உங்க அப்பா எழுதினதாமே?”

“ஆமா சார்.”

“அவரைக் கூட்டிட்டு வாம்மா. பந்தய சீரியலுக்கு நீ பண்ணின கார் சத்தத்தைக் கேக்கட்டும். நிஜக் கார்னு சொல்லிட்டார்னா உன் வேலை நிரந்தரம். இல்லேன்னா நாப்பத்திரண்டாவது லெட்டரை அவர் தபால்ல போட வேண்டாம். நீ வீட்டுலயே இருப்ப, உன் கையில குடுத்துடலாம்.”

மகள் வீட்டுக்கு வந்து சொன்னாள். “மூணு சத்தம் போடுவாங்கப்பா. அதுல ஒண்ணு என்னோடது.”

“எதுன்னு சொல்லாதே. உறவு வேற, ஒலி வேற.”

“சொல்லல. கேட்ட உடனே கண்டுபிடிச்சிடுவீங்களோன்னுதான் பயமா இருக்கு.”

“அந்தப் பயம் இருக்கணும்” என்றார் கியர் சார்.

குறித்த நாளில், சுவரெங்கும் பஞ்சு வேய்ந்த அறையில் அவர் அமர்ந்தார். ‘டிக் டிக்’ ஓசை சாட்சியத்தைக் கலைக்கக்கூடும் என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி வெளியே அனுப்பினார். முதல் ஒலி எழுந்தது.

“சைக்கிள் பம்பு. காத்தடிக்கிறதைக் காருங்கறாங்க.”

முதலாளி தம் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பந்தயத் தடத்திலேயே பதிவான, பரிசு வென்ற கார் என்று அதில் இருந்தது. தாள்தான் தவறாக இருக்கும் என்று அடக்கத்தோடு மடித்துக்கொண்டார்.

“ரெண்டாவது, தையல் மெஷின். ஊசி உடையப்போகுது.”

அதுவும் பந்தயக் கார்தான்.

மூன்றாவது ஒலி எழுந்ததும் கியர் சாரும் எழுந்தார்.

“என்ன சார், எழுந்துட்டீங்க?”

“இதை உக்காந்து கேக்கறது மரியாதை இல்ல. பேப்பர் குடுங்க.”

மகள் நகத்தைக் கடித்தபடி நிற்க, அவர் நின்றவாறே எழுதினார்:

‘மூன்றாவதாக ஒலித்தது கலப்படமற்ற பந்தய எஞ்சின். இருபது ஆண்டுகளுக்குக் குறையாத உழைப்பு. பேரிங் தேய்ந்துள்ளது, முறையான பராமரிப்பு ஒருநாளும் இல்லை. பாதி ஓட்டத்தில் பலமுறை நிறுத்தப்பட்டு மீண்டும் முடுக்கப்பட்ட தழும்பு தெளிவாகக் கேட்கிறது. ஓட்டுபவர் ஓய்வறியாதவர், நெடுங்காலமாகக் கோபத்தில் இருக்கிறார், எனினும் பிடியைத் தளர்த்தவில்லை. இதை அருகில் வைத்துக்கொண்டு அருமை அறியாதிருக்கும் உரிமையாளர், ஒரு தள்ளுவண்டிகூட வைத்திருக்கத் தகுதியற்றவர்.’

கீழே கையொப்பமிட்டு, தேதியும் நேரமும் குறித்தார். முதலாளி அங்கேயே பணி நிரந்தர ஆணையில் கையெழுத்திட்டு, சான்றிதழோடு சேர்த்து மகளிடம் தந்தார். அவள் அழுதுவிட்டாள்.

“அழுகையெல்லாம் அப்புறம். அந்த வண்டிய நான் பாக்கணும். எங்க இருக்கு?”

“நம்ம வீட்டுலதான்பா.”

அன்று பேருந்தின் வேகம் போதாது என்று ஓட்டுநரிடம் இருமுறை முறையிட்டார். வாசலில் தேடினார், போர்த்திய கார் ஒன்றைத் தவிர ஏதுமில்லை. மகள் முன்னறையைக் கடந்து சமையலறைக்குள் போனாள். அவர் நிலைப்படியில் தயங்கினார். அதற்கு அப்பாலுள்ள நிலப்பரப்பு அவருக்குப் பழக்கமில்லை.

“ஓ, பின்பக்கமா நிறுத்தியிருக்கியா?”

மகள் தாயைப் பார்த்தாள். “போடும்மா.”

மனைவி மிக்ஸியின் குமிழைத் திருகினார்.

“அந்தச் சனியனை நிறுத்து!” என்று கத்தினார் கியர் சார். “நான் வண்டிச் சத்தம் கேக்கணும்!”

பழக்கத்தால் மனைவியின் கை குமிழை நோக்கிப் போனது. போன கை நின்றது.

“இதுதான்பா அந்த வண்டி. பாத்திரத்துக்குள்ள மைக்கை வெச்சு எடுத்தேன். அம்மாதான் ஓட்டினாங்க.”

இம்முறை எவரும் மூன்று தெரு ஓட வேண்டியிருக்கவில்லை. அவர் எழுதியது எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருந்தது.

அரைக்க வேண்டியது முழுவதையும் அரைத்து முடித்த பின்னரே மனைவி அதை அணைத்தார். முந்தானையில் கை துடைத்துக்கொண்டு, மகளிடமிருந்து சான்றிதழை வாங்கி மெதுவாகப் படித்தார். கடைசி வாக்கியத்தை மட்டும் இருமுறை படித்தார்.

“கையெழுத்து உங்களோடதுதானே?”