அப்பா இளைத்த மாதம்

மனிதன் கற்பூரம் மாதிரி காற்றில் கரைந்துபோக முடியும் என்று ஒரு மாதம் முழுக்க நம்பினேன். வேறு யாராவது நம்பினால் மன்னிக்கலாம். நான் அம்பத்தூரில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் வாத்தியார். திடப்பொருள் உருகாமலே நேராக வாயுவாவதற்குப் பதங்கமாதல் என்று பெயர் என வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன். அப்படிப்பட்டவன்தான், என் அப்பா கிலோ கிலோவாகப் பதங்கமாகிக்கொண்டிருக்கிறார் என்று நடுங்கினேன்.

நடுக்கத்துக்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தைய வருடம்தான் அம்மா இறந்துபோனார். நோய் உள்ளே இருந்திருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தார். ஜாக்கெட்டில் ஊக்கு குத்தி இறுக்கிக்கொண்டார். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. கேட்டால், "வெக்கைப்பா, சோறு எறங்க மாட்டேங்கு" என்பார். ஆவடி வெயிலை யார் சந்தேகப்படுவது? மோர் கரைத்துக் கொடுத்தோம். (மோர்!) டாக்டரிடம் போனபோது அவர் எங்களைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்.

அப்பாவையாவது விடக்கூடாது என்று எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கி, வெள்ளானூர் வீட்டு ஹாலில் வைத்தேன். அப்பா ஆவடியில் ஃபேக்டரி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாதி ஆயுளை குவார்ட்டர்ஸில் கழித்தும் திருநெல்வேலிப் பேச்சை விடாதவர். முட்டி தேய்ந்துபோனதால் மெஷின்மேல் ஏறினால் ஆடுவார். கண்ணாடிப் பலகை வேறு. வழுக்கிவிட்டால்? ஆகவே பின்னால் நின்று, அவர் அக்குளுக்குக் கீழே இரண்டு கைகளையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, தோளுக்கு மேலே தலையை நீட்டி எண்ணைப் படிப்பேன். ஞாயிறு காலை, காப்பிக்கு முன்னால். இதுதான் விதி.

முதல் ஞாயிறு அறுபது. அடுத்த ஞாயிறு ஐம்பத்தெட்டு. அதற்கடுத்து ஐம்பத்தாறு.

"ஏலே, காப்பி ஆறுது. எறங்கட்டுமா?"

"அசையாதீங்கப்பா!"

வாத்தியார் மூளை சும்மா இருக்குமா? மெஷினில் சுழிப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். யாரும் ஏறாதபோது பூஜ்யம் காட்டியது. தரை சரிவா என்று கோலிக்குண்டு உருட்டிப் பார்த்தேன். பத்து கிலோ அரிசி மூட்டையை ஏற்றினேன். கச்சிதமாகப் பத்து காட்டியது. பொருளின் நிறை எங்கே போனாலும் மாறாது, நிலவுக்குப் போனால் எடைதான் ஆறில் ஒரு பங்காகும் என்று நானே பாடம் நடத்துகிறேன். வெள்ளானூர் எப்போது நிலவானது? மெஷின் சரி, தரை சரி, பூமி சரி. எனவே அப்பாதான் போய்க்கொண்டிருக்கிறார்.

தின்னக் கொடுத்தேன். நேந்திரம்பழம், முட்டை, நெய் மிதக்கும் பருப்பு. அவர் தின்னத் தின்ன எண் இறங்கியது. இறங்க இறங்க எனக்குப் பயம் ஏறியது. பயம் ஏற ஏற, விழுந்துவிடுவாரோ என்று இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"நீ சாப்பிடறதே இல்ல, அதப் பாக்க ஒரு மெஷின் வாங்கு" என்றாள் மனைவி.

கடைசியில் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு ஆவடியில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். டாக்டரைப் பார்க்கும் முன் வாசல் மெஷினில் எடை பார்க்க வேண்டும். வரிசை நின்றது. அப்பாவை ஏற்றி, வழக்கம்போலப் பிடித்து, எட்டிப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு. 

எங்களுக்குப் பின்னால் மூச்சு வாங்க நின்றிருந்த அம்மாள் பொறுமையிழந்தார்.

"நைனா, இன்னா பண்ணிகினு கீறே?"

"எடை பாக்கறேம்மா. அப்பா ரொம்ப இளைச்சுட்டாரு."

"பெர்சு எங்க இளைச்சிது? நீதான் தூக்கிகினு கீறியே! கைய எடு நைனா, எங்களுக்கும் டைமாவுது."

"விழுந்துடுவாரும்மா."

"வுயுந்தா நாங்க இத்தினி பேரு கீறோம்ல? எடு!"

மூளை சொன்னாலும் கை விடவில்லை. விரல் விரலாகக் கழற்ற வேண்டியிருந்தது. அப்பா ஆடினார், பிறகு நின்றார். எண் ஏறியது. ஐம்பத்தாறு, ஐம்பத்தொன்பது, அறுபத்துமூன்று. (நேந்திரம்பழம் வேலை செய்திருந்தது.)

வரிசை மொத்தமும் சிரித்தது. அரிசி மூட்டையை நான் பிடித்துக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நானும் சிரித்திருக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"அட, இன்னாத்துக்கு அழுவுற? பெர்சு நல்லாதான கீது?" என்றார் அந்த அம்மாள்.

"எங்கம்மா..." என்றேன். அவர் முந்தானையால் எனக்கு விசிறிவிட்டார்.

உள்ளே டாக்டர், "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார். அப்பா என்னைக் காட்டினார். பிரஷர் பார்த்தார்கள். எனக்குத்தான் ஏறியிருந்தது.

ஆட்டோவில் திரும்பும்போது கேட்டேன்: "நான் தூக்கறது உங்களுக்குத் தெரியலையாப்பா?"

"தெரியாம என்ன?"

"சொல்லக் கூடாதா?"

"அதுக்கும் மெஷினுக்கும் சம்பந்தம் உண்டுன்னு நான் என்னத்தக் கண்டேன்? நீதானலே வாத்தியாரு." முட்டியைத் தடவிக்கொண்டார். "நீ புடிச்சா முட்டி வலிக்காது. வாரத்துல அந்த ஒரு நிமிசம் நல்லாருக்கும்."

இப்போதும் வீட்டில் நான் எதிலாவது பதறினால் போதும், "கைய எடு நைனா!" என்பார்கள். மகளுக்கு ஸ்கூட்டர் பழக்கினேன். பின்சீட்டைப் பிடித்துக்கொண்டே தெருக்கோடி வரை ஓடினேன். அவளும் அதையேதான் கத்தினாள், தெருவே கேட்க.

ஞாயிறு காலையில் அப்பா இன்னும் மெஷின்மேல் ஏறுகிறார். நான் பிடித்துக்கொள்கிறேன். எண்ணை யாரும் பார்ப்பதில்லை.

அந்த மாதம் அப்பா ஒரு கிராம்கூட இளைக்கவில்லை. இளைத்தது அம்மா. அப்போது எங்கள் வீட்டில் மெஷின் இல்லை.